அருளின் எல்லையும் சட்டத்தின் வாசலும்: கொல்லிமலைச் சரிதங்களை முன்வைத்து

ஆங்கிலம் வாசிக்கும் உலகத்துக்குக் கொல்லிமலையை அறிமுகம் செய்தது வல்வில் ஓரியும் அன்று, அறப்பளீசுவரர் கோயிலும் அன்று. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய இரண்டு வாழ்க்கை வரலாறுகளே அம்மலையின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றன. 1965இல் வெளிவந்த ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’, தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கவைத்த டாக்டர் பால் பிராண்டின் கதை. 1976இல் வந்த ‘கிரானி பிராண்ட்’, அவருடைய தாயார் எவெலினின் கதை. தமிழகத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இக்கதைகள் ஞாயிறுப் பள்ளியிலிருந்தே செவிவழியாகவும் பரவியுள்ளன. நம்மவரில் இவற்றை வாசித்தோர் சிலரே. மிஷனரி சரிதம் என்றாலே மதப்பிரச்சாரம் என ஒதுக்கிவைக்கும் பழக்கம் நமக்குண்டு. அது வாசகருக்கு இழப்பு.

இந்நூல்களின் இலக்கியத் தரம் இங்குப் பேசுபொருள் அன்று. இவற்றில் வெளிப்படும் கிறிஸ்தவ அறவுணர்வு சட்டத்தோடும் பொதுவாழ்வோடும் எவ்விடத்தில் உறவுகொள்கிறது, எவ்விடத்தில் அவ்வுறவு அறுந்துவிடுகிறது என்பதே நம் கேள்வி. அருளை மையமாகக் கொண்ட ஒரு மார்க்கத்தின் நடைமுறையை, சட்டத்தை மையமாகக் கொண்ட ஒரு மார்க்கத்தார் வாசிக்கும்போது சில செய்திகள் கூடுதல் தெளிவோடு தென்படும். அத்தெளிவு நம்மீதே திரும்பவும் கூடும்.

கதைச் சுருக்கம் இது. இலண்டனைச் சேர்ந்த வசதியான குடும்பத்துப் பெண் எவெலின் ஹாரிஸும் ஜெஸ்ஸி மான் பிராண்டும் 1913இல் சேந்தமங்கலத்தில் மணமுடித்துக் கொல்லிமலைக்கு ஏறினார்கள். வாழவந்தியில் குடியமைத்து மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சும் நெசவும் கற்பித்தார்கள். ஜெஸ்ஸி முழுநிலை மருத்துவர் அல்லர். வெப்பமண்டல நோய்களில் ஓராண்டுப் பயிற்சி பெற்றவர். 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில், நாற்பத்து நான்கு வயதில் மாண்டார். எவெலின் மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். ஓய்வு வயது கடந்தபின் மலைப்பணிக்கு அனுப்ப மிஷன் மறுத்தபோது, தம் பொறுப்பிலேயே திரும்பிவந்து கொல்லிமலை, பச்சைமலை, பெரியமலை, சித்தேரி, கல்ராயன் எனும் ஐந்து மலைகளிலும் குதிரை மட்டத்தின்மீது அலைந்து பணிசெய்தார். 1974 டிசம்பரில் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். எந்த மார்க்கத்தாரும் வணங்கத்தக்க உழைப்பு இது. அதில் ஐயமில்லை.

இவர்களை அனுப்பியது 1861இல் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். ‘ஸ்டிரிக்ட்’ என்பதை ஒழுக்கக் கண்டிப்பு எனப் பலர் பொருள் கொள்கின்றனர். உண்மையில் அது திருவிருந்தைக் குறித்தது: விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவர்க்கு மட்டுமே அந்த மேசையில் இடம் என்பது அவர்களின் விதி. மனிதன் தன் செயலால் மீட்படைவதில்லை, இறையருள் மட்டுமே மீட்கும் என்ற கல்வினியக் கொள்கையில் இச்சபையார் உறுதியானவர். பாப்டிஸ்ட் மரபுக்கு மற்றொரு வேரும் உண்டு. மன்னனின் அதிகாரம் மனச்சாட்சிக்குள் நுழையலாகாது என்பதற்காகச் சிறையையும் நாடுகடத்தலையும் ஏற்ற மரபு அது. 1636இல் ராஜர் வில்லியம்ஸ் பிராவிடென்ஸ் குடியேற்றத்தை நிறுவியது அந்த உறுதியால்தான்.

பவுலின் நிருபங்களில் நியாயப்பிரமாணமும் கிருபையும் எதிரெதிராக நிறுத்தப்படுவதும், லூத்தர் ஆன்மிக ஆட்சி வேறு, வாளின் ஆட்சி வேறு எனப் பிரித்ததும் இம்மரபின் பின்புலம். இதன் நற்பயன் மதச்சார்பற்ற அரசு என்ற கருத்துக்கு அது அளித்த வலிமை. இதன் விலை, சட்டம் என்பது அறத்தின் களமாகாமல் அறம் வேலைசெய்வதற்கு வெளியேயுள்ள ஒரு சூழலாக மட்டும் தோன்றத் தொடங்கியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், நிலவரி, கடன் ஆகியவை மலைவாழ் மக்களின் அன்றாடத்தைத் தீர்மானித்த காலம் அது. சரிதங்களிலோ காய்ச்சலும் ஜெபமும் மலைப்பாதையும் நடுவே நிற்க, சட்டம் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறது. ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் தம் இறையியலுக்கு உண்மையாக எழுதியிருக்கிறார்.

சரிதத்தின் இதயமான நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். முதல் சில ஆண்டுகள் மலையில் எவரும் மதம் மாறவில்லை. பிராண்டுகளை முன்னின்று எதிர்த்தவர் ஒரு பூசாரி. 1918–19 காலத்து இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயில் அவரும் வீழ்ந்தார். நோய்க்கு அஞ்சி அண்டாதிருந்தோர் நடுவே வெள்ளைக்காரத் தம்பதியர் மட்டும் வந்து பணிவிடை செய்ததைக் கண்டு, தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்து மாண்டார். அக்குழந்தைக்கு ரூத் எனப் பெயரிட்டு வளர்த்தார்கள். இதன்பிறகே மலைமக்கள் சபையை நாடத் தொடங்கினர்.

நூலாசிரியர் இதை அருளின் வெற்றியாக வரைகிறார். ஆனால் சட்டக்கண்ணோடு பார்த்தால் இரண்டு கேள்விகள் எழும். அக்குழந்தை அவ்வீட்டில் யார்? சாகும் தறுவாயில் ஒரு தந்தை செய்த முடிவு சுதந்திரமான முடிவா?

முதற்கேள்வியில் ஒரு பெரிய நகைமுரண் மறைந்திருக்கிறது. மீட்படைந்த மனிதன் இறைவனின் தத்துப்பிள்ளை என்பது பவுலின் உருவகம். தமிழ் விவிலியத்தில் அது ‘புத்திரசுவிகாரம்’. தத்துப்பிள்ளைக்கு முழு வாரிசுரிமை தந்த உரோமச் சட்டத்திலிருந்து, உரோமக் குடிமகனான பவுல் எடுத்தாண்ட கருத்து அது. ஆனால் தத்தெடுப்பை மீட்பின் உருவகமாகக் கொண்ட அம்மார்க்கத்தின் சட்டமோ அதைக் கைவிட்டது. இங்கிலாந்தில் தத்தெடுப்பை ஏற்கும் சட்டம் 1926இல்தான் வந்தது. ஆக, ரூத்தை ஏந்திய தம்பதியரின் தாய்நாட்டிலேயே அப்போது அப்படியொரு சட்ட உறவு கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தத்தெடுப்புச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பாதுகாவலராகலாம். பெற்றோராக முடியாது என்பதே நெடுங்கால நிலை. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் தத்துப்பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. சிறார் நீதிச் சட்டம் 2000இல் வந்து 2006இல் திருத்தப்பட்ட பின்னரே எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழி திறந்தது. அவ்வழி முஸ்லிம்களுக்கும் விருப்பத்தின்பேரில் திறந்திருக்கிறது என 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நம் ஃபிக்ஹு மரபு நேர்மாறான திசையில் சென்றது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் நிகழ்வை ஒட்டி, வளர்ப்புப்பிள்ளை தன் தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. உருவகத்துக்கு அங்கு இடமில்லை. மாறாக, அநாதையின் பெயர், வம்சம், சொத்து ஆகியவை சட்டத்தின் காவலில் வைக்கப்பட்டன. வளர்ப்போர் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். ரூத் போன்ற ஒரு குழந்தைக்குத் தன் தந்தை யாரென்ற நினைவும், தகப்பன் விட்டுச்சென்ற நிலம் எதுவாயினும் அதன்மீதான உரிமையும் இம்முறையில் காக்கப்பட்டிருக்கும். ஆனால் எவெலினின் மடியில் அது பெற்ற நெருக்கத்தை எந்த விதியும் தந்திருக்காது. ‘கஃபாலா’ எனும் இவ்வேற்பாட்டை நம் மஹல்லாக்கள் எத்தனை குழந்தைகளுக்கு நடைமுறையாக்கியுள்ளன என்று கேட்டால், யத்தீம்கானாக்களின் நீண்ட தாழ்வாரங்களே விடையாக நிற்கும். 1972ஆம் ஆண்டின் பொதுத் தத்தெடுப்பு மசோதாவை எதிர்ப்பதில் நாம் காட்டிய வேகத்தில் பாதியைக்கூட அதற்கு மாற்றான ஓர் ஏற்பாட்டைக் கட்டுவதில் காட்டவில்லை.

இரண்டாம் கேள்வி அரசியலானது. 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, பின் அதனைச் சட்டமாக்கியது. வன்முறையும் வஞ்சனையும் மட்டுமின்றி ‘ஆசைகாட்டல்’ என்பதும் அதில் குற்றம். பணமாகவோ பொருளாகவோ கொடுக்கும் பரிசும், வேறெந்தப் பொருள்வகை நன்மையும் ஆசைகாட்டலே. கொள்ளைநோயில் கொடுத்த கஞ்சியும் மருந்தும் குழந்தைக்கு அளித்த அடைக்கலமும் இவ்வரையறைக்குள் வருமா வராதா? வரும் என்று ஒரு காவல் ஆய்வாளர் கருதினால் மறுப்பது கடினம். மூன்றாண்டுச் சிறை என்பது பொதுத்தண்டனை. சிறுவர், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோரை மதம் மாற்றினால் நான்காண்டு. இந்தப் பட்டியலில்தான் சட்டத்தின் மனம் தெரிகிறது. வளர்ந்த பெண்ணும் மலைவாழ் ஆணும் தம் மனச்சாட்சியைத் தாமே ஆள இயலாத குழந்தைகளோடு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகள் சேர்ந்தே எதிர்த்தன. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப்பின், அவ்வாண்டு மே மாதம் அச்சட்டம் திரும்பப்பெறப்பட்டது.

எதிர்த்த நாம் அடிப்படைக் கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. உதவியும் அழைப்பும் ஒரே கையிலிருந்து வரும்போது, பெறுபவரின் சுதந்திரம் ஓரளவு சுருங்கவே செய்கிறது. ‘கிரானி பிராண்ட்’ நூலின் பெரிய குறை, மலையாளி மக்களின் பழைய வழிபாட்டை இருளென்றே கண்டு, பூசாரியின் பார்வையிலிருந்து ஒரு பத்தியையேனும் சிந்தித்துப் பாராததுதான். (நம் வலிமார்களின் சரிதங்களும் இக்குற்றத்திலிருந்து விலகியவை அல்ல.) ஆயினும் அக்குறையைத் திருத்தக் கடமைப்பட்டவர் வரலாற்றாசிரியர், மாவட்ட ஆட்சியர் அல்லர். 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் பரப்பும் உரிமை விவாதிக்கப்பட்டபோது, அதை ஆதரித்தவர்களில் சென்னை மாகாணத்தின் எல். கிருஷ்ணசாமி பாரதியும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் இருந்தனர். தாம் நெடுங்காலம் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று பின்னவர் கூறியது நினைக்கத்தக்கது.

1914இல் பிறந்த, ரூத்தின் வளர்ப்புச் சகோதரர் பால் பிராண்டின் பணியில், அருள் சட்டத்தை எட்டாமல் நின்ற இடம் இன்னும் வெளிப்படையானது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலியுணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களாலேயே தேய்கின்றன என்று நிறுவினார். தசைநாண்களை இடம்மாற்றி முடங்கிய விரல்களை நிமிர்த்தினார். ‘பாவத்தின் கூலி’ எனப்பட்ட நோய், சாதாரண நோயாகும் பாதை வேலூரிலும் கரிகிரியிலும் திறந்தது. அறவுணர்வு அறிவியலாக மாறிய அரிய தருணம் அது. எண்பதுகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபின் நோய் முழுமையாகக் குணமாகக்கூடியதும் ஆயிற்று.

இவ்வளவும் நடந்தபின், 2001இல், 1869ஆம் ஆண்டின் கிறிஸ்தவ மணவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட பழைய அநீதியை நீக்கிய, வரவேற்கத்தக்க திருத்தம் அது. ஆனால் அதே திருத்தத்தில், குணமாகாத கடுந்தொழுநோய் மணவிலக்குக்குரிய காரணமாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பழைய சட்டத்தில் இல்லாத ஒன்று! வேலூர் மருத்துவமனை நூறாண்டைக் கடந்து நின்ற காலம். பால் பிராண்ட் உயிரோடிருந்த காலம். தொழுநோயாளரைத் தழுவிய அதே சமுதாயத்தின் சட்டத்துக்குள் அந்நோய் விலக்கின் காரணமாக நுழைந்தபோது, அதைக் கவனிக்கச் சபையின் கண்கள் அவ்விடத்தில் இல்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம்கூட 2016இல்தான் மத்தியச் சட்டத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது.

நம் வீடும் தூய்மையாயில்லை. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் கணவனின் தொழுநோயைக் காரணமாக ஏற்றிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் ‘ஜுதாம்’ நிக்காஹை முறிக்கத்தக்க குறைகளுள் ஒன்று என்பதும், மாலிகீ கருத்துகளின் துணையோடு மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்றோர் பெண்களுக்கு வழிதேடியதும் அதன் பின்னணி. அன்று அது பெண்ணுக்கான பாதுகாப்பு. மருத்துவம் முன்னேறியபின் அது நோயாளிக்கு இழுக்கு. உமய்யா கலீஃபா வலீத், தொழுநோயாளர் யாசிக்க வேண்டாதபடி அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்கினார் என்று தபரீ குறிப்பிடுவதைப் பெருமையாகச் சொல்லும் நாம், காரணம் மாறியபின் விதியை மீளாய்வதில் காட்டிய தயக்கமும் பதிவுபெற வேண்டியதே. 2019இல் நாடாளுமன்றம் ஒரே திருத்தச் சட்டத்தால் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் மணவிலக்குச் சட்டங்கள் அனைத்திலுமிருந்தும் தொழுநோயை நீக்கியது. முன்கை எடுத்தது சபையுமன்று, ஜமாஅத்துமன்று. 2015இல் பரிந்துரை செய்த சட்ட ஆணையம்.

கிறிஸ்தவ மரபு முழுவதுமே சட்டத்துக்கு முதுகு காட்டியது என்று இதனால் கருதிவிடலாகாது. கொல்லிமலை அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் தலைநகரிலேயே 1876இல் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ.வின் வழியே கிராமப் புனரமைப்பையும் கூட்டுறவுக் கடனையும் தம் விசுவாசத்தின் கிளையாகக் கொண்டவர். வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றும், தம் சமூகத்துக்குத் தனித்தொகுதி வேண்டாமென்று வாதிட்டவர். சென்னையில் வி. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், 1941இல் மாநகர மேயர், ஆழ்ந்த இறையியலாளர். இவை நான்கும் ஒருவரே. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதியாயிருந்த பி. செஞ்சையா, மேலைச் சபையமைப்பே இந்தியக் கிறிஸ்தவத்துக்கு அவசியமா என்று கேட்டார். 1938இல் இவர்கள் கூடி வெளியிட்ட ‘ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா’ இன்றும் விவாதிக்கப்படும் நூல். நீதிமன்றப் பழக்கம் இவர்களின் இறையியலை உலரவைக்கவில்லை, கூர்மையாக்கியது. மலைச்சரிதங்களின் வாசகரில் பத்தில் ஒருவர் இவர்களை வாசித்திருந்தால் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பொதுவாழ்வு வேறாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், அருள்மொழி சட்டச்சான்றாக மாறி ஏழைக்கு எதிராகத் திரும்பிய இடம் ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்பதற்குச் சொல்லப்படும் காரணம் நம் சொந்த வாயிலிருந்து எடுக்கப்பட்டது: உங்கள் மார்க்கத்தில் சாதியில்லையே! கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்ற போதனையும், அரபிக்கும் அரபியல்லாதார்க்கும் ஏற்றத்தாழ்வில்லை என்ற போதனையும் எப்படி வாழவேண்டும் என்பதைச் சொன்னவை. அவற்றை எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கான சாட்சியமாக அரசு பதிவுசெய்துகொண்டது. 1985இல் சென்னையைச் சேர்ந்த, செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கில், மதம் மாறியபின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இழிவின் கடுமையும் அதே அளவில் தொடர்வதை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தனிக் கல்லறைகளையும் ஆலயங்களில் எழுந்த சுவர்களையும் தமிழ்நாடு அறியும். அவற்றை மறைத்துப் போதனையை மட்டும் முன்வைத்த போதகர்களும், ‘நம்மில் சாதியில்லை’ என்று மேடையில் முழங்கி மீனாட்சிபுரத்து மக்களின் அடுத்த தலைமுறைக்கு என்ன சான்றிதழ் கிடைக்கும் என்று கேட்க மறந்த நம்மவரும் இதில் பங்காளிகள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே கேள்விக்காகக் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தமிழக அரசு, இஸ்லாத்தைத் தழுவிய பட்டியல் சாதியினரையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கொள்ளலாம் என்று ஆணையிட்டது. அது ஓர் ஆறுதல். ஆனால் இழந்ததற்கு ஈடன்று.

பழங்குடியினர் ஆணையிலோ மதம் பற்றிய வாசகமே கிடையாது. மதம் மாறினாலும் பழங்குடித் தகுதி தானாக அற்றுப்போவதில்லை என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பழங்குடி மரபும் வழக்கமும் தொடர்கின்றனவா என ஆராயலாம் என்றும் சேர்த்தது. அந்த இடைவெளியில் கால்வைத்து, மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் இயக்கம் வடமாநிலங்களில் வலுப்பெற்று வருகிறது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் அதன் ஓசை கேட்டால், வாழவந்தியின் வாரிசுகளுக்குத் தேவைப்படுவது மற்றொரு சரிதம் அன்று, ஒரு வழக்கறிஞர்.

குண்டனி நாட்டில் பிறந்து ஞானஸ்நானம் பெற்ற மலையாளி ஒருவர், கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் தனித்தொகுதியில் இன்று வேட்புமனு அளிக்கலாம்; அது பழங்குடியினருக்குரியது. மலையிறங்கி வந்தால் அதே நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரம், பட்டியல் சாதியினருக்குரிய தொகுதி. அவரோடு ஒரே மேசையில் திருவிருந்தில் பங்குபெறும் அருந்ததியர் கிறிஸ்தவர் அங்கே அளிக்கும் மனு பரிசீலனை நாளிலேயே தள்ளப்படும். அதே தெருவில் கலிமா சொன்ன அவருடைய சிற்றப்பா மகன் அளிக்கும் மனுவும் அவ்வாறே.